நீயும் நீங்களும்: குவேக்கர் வரலாறும் மொழிசார் மானிடவியலும்

ஒருவர் மற்றொருவரை 'நீ' என்று அழைக்கிறாரா, 'நீங்கள்' என்று அழைக்கிறாரா என்பது இலக்கண ஆசிரியருக்கு மட்டும் உரிய சிறு காரியம் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இச்சிறு காரியத்திற்காக மக்கள் அடிபட்டனர், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர், நீதிமன்றத்தில் அவமதிக்கப்பட்டனர். தங்களை நண்பர்கள் என்று அழைத்துக்கொண்டவர்களும், பிறரால் 'குவேக்கர்' அதாவது 'நடுங்குவோர்' என்று ஏளனமாகப் பெயரிடப்பட்டவர்களுமான ஒரு கூட்டத்தாரின் வரலாறு இது. மொழிசார் மானிடவியல் என்னும் துறையின் அறிஞர் இவ்வரலாற்றை மீண்டும் மீண்டும் எடுத்தாண்டுள்ளனர். அத்துறையின் கருத்துகளை வறட்டு வரையறைகளாகக் கற்பதைவிட, இந்த ஒரு வரலாற்றின் வழியாகக் கற்பது நம் இறையியல் மாணவருக்கு நலமாயிருக்கும் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

முதலில் அக்கால ஆங்கிலத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். இன்றைய ஆங்கிலத்தில் முன்னிலைக்கு 'யூ' என்னும் ஒரே சொல்தான் பொதுவழக்கில் உண்டு. முன்பு அவ்வாறில்லை. ஒருவரை நோக்கி 'தௌ' என்றும், அது வேற்றுமை ஏற்கும்போது 'தீ' என்றும், பலரை நோக்கி 'யீ' என்றும் 'யூ' என்றும் வழங்கினர். பதின்மூன்றாம் நூற்றாண்டளவில், பிரெஞ்சு மொழியின் செல்வாக்கினால், உயர்நிலையிலுள்ள ஒருவரையும் பன்மையால் அழைக்கும் வழக்கம் நுழைந்தது. நாளடைவில் அது மேலிருந்து கீழே பரவிற்று. குவேக்கர் தோன்றிய காலத்தில் செல்வரும் கற்றோரும் தமக்குள் 'யூ' என்றே பேசினர். 'தௌ' என்பது வேலையாட்களுக்கும் பிள்ளைகளுக்கும், மிக நெருங்கியவருக்கும், சினத்தில் பகைவருக்கும், ஜெபத்தில் கடவுளுக்கும் உரியதாகக் குறுகிற்று. தமிழராகிய நமக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. இன்றைய ஆங்கிலேயருக்குத்தான் இதனை விளக்கிக் கூற வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு விலக்கு உண்டு. 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கிலத் திருமறை இந்த மரியாதை வழக்கைப் பின்பற்றவில்லை. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் ஒருமை வருமிடத்தில் 'தௌ' என்றும், பன்மை வருமிடத்தில் 'யீ' என்றும், அரசனாயினும் ஆண்டியாயினும் வேறுபாடின்றி எழுதிற்று. லூக்கா 22:31, 32 வசனங்களில் சாத்தான் கேட்டுக்கொண்டது சீடர் அனைவரையும். ஆண்டவர் வேண்டுதல் செய்ததோ சீமோன் ஒருவனுக்காக. 'உங்களை' என்பதும் 'உனக்காக' என்பதும் கிரேக்க மூலத்தில் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. 'யூ' ஒன்றையே ஆளும் இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பில் மட்டும் இப்பகுதியை வாசிக்கிறவர் இதனை எளிதில் தவறவிடுவார். ஆகவே, திருமறையை நாள்தோறும் வாசித்த சாதாரண மனிதனுக்கு ஓர் ஐயம் எழுந்தது இயல்பே. மோசே பார்வோனை ஒருமையில் அழைத்தான். நாத்தான் தாவீதை ஒருமையில் அழைத்தான். நாமோ கடவுளையே ஒருமையில் அழைக்கிறோம். அப்படியிருக்க, ஊர்ப் பிரபு மட்டும் ஏன் பன்மையாக வேண்டும்?

இந்த ஐயத்தைக் கொள்கையாக்கியவர் ஜார்ஜ் ஃபாக்ஸ். 1624இல் லெஸ்டர்ஷையரில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்து, செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தொழில் பயின்றவர். 1640களின் இறுதியில், உள்நாட்டுப் போரால் குழம்பிக் கிடந்த நாட்டில், ஊர் ஊராகச் சென்று பிரசங்கிக்கத் தொடங்கினார். 1650இல் டார்பி நகரில் அவரை விசாரித்த நீதிபதி பென்னெட் என்பவரே 'குவேக்கர்' என்னும் பெயரைச் சூட்டினார் என்று ஃபாக்ஸ் தம் நாட்குறிப்பில் கூறுகிறார். எந்த மனிதனுக்கும் தொப்பியைக் கழற்றலாகாது என்றும், ஆண் பெண், செல்வர் வறியர், பெரியோர் சிறியோர் என்ற வேறுபாடின்றி எல்லாரையும் 'தௌ' என்றே அழைக்க வேண்டும் என்றும் ஆண்டவர் தமக்குக் கட்டளையிட்டதாக அவர் நம்பினார். முகதாட்சிணியத்தைக் கண்டிக்கும் யாக்கோபு இரண்டாம் அதிகாரம், முகஸ்துதிப் பட்டங்களைச் சூட்ட மறுக்கும் எலிகூவின் சொற்கள் (யோபு 32:21, 22), ஒருவரிடத்தில் ஒருவர் மகிமை தேடுவதைக் கடியும் யோவான் 5:44 ஆகியவை அவர்கள் கைக்கொண்ட வேத ஆதாரங்கள். 1655இல் ரிச்சர்ட் ஃபார்ன்வொர்த் இதுபற்றித் தனியே ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1660இல் ஃபாக்ஸ், ஜான் ஸ்டப்ஸ், பெஞ்சமின் ஃபர்லி ஆகிய மூவரும் 'பேட்டில்-டோர்' என்ற நூலை வெளியிட்டனர். பல மொழிகளிலிருந்து எடுத்துக்காட்டுகள் தந்து, ஒருமை ஒருமையே, பன்மை பன்மையே என்று நிலைநாட்ட முயன்ற நூல் அது. அக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் எழுத்துப் பயின்ற அட்டையின் பெயரையே அதற்கு இட்டார்கள். கற்றறிந்த பேராசிரியர்களுக்கு அரிச்சுவடி கற்பிக்கிறோம் என்ற குத்தல் அப்பெயரில் உண்டு.

இந்தக் கொள்கையை வீட்டில் நடைமுறைப்படுத்தியபோது என்ன நேர்ந்தது என்பதைத் தாமஸ் எல்வுட் என்னும் இளைஞரின் தன்வரலாறு காட்டுகிறது. அவர் 1639இல் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் பிறந்தவர். தந்தை ஊரின் நியாயாதிபதி. ஏறத்தாழ இருபது வயதில் குவேக்கர் கூட்டத்தில் சேர்ந்த மகன், தந்தையின் முன் தொப்பியைக் கழற்ற மறுத்தார். தந்தை தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார். தொப்பியின்றி வெளியே செல்ல இயலாத குளிர்காலம். மகன் வீட்டிலேயே அடைபட்டார். ஆயினும் வாயைத் திறந்தால் 'தௌ' என்ற சொல் வந்தது. அதற்கும் அடி விழுந்தது. இனி ஒருமுறை அச்சொல்லைக் கேட்டால் பல்லை உடைத்துவிடுவேன் என்று தந்தை மிரட்டியதாக எல்வுட் எழுதியிருக்கிறார். தந்தை கொடியவர் அல்லர், மகனை நேசித்தவர். மகனும் தந்தையை இகழ எண்ணியவர் அல்லர். இருவரும் ஒரே சொல்லைக் கேட்டார்கள். ஒருவருக்கு அது கீழ்ப்படிதலாகவும் மற்றவருக்கு அது கன்னத்தில் அறைந்ததாகவும் இருந்தது. (இந்த எல்வுட்தான் பிற்காலத்தில் கண்பார்வை இழந்த மில்டனுக்கு இலத்தீன் நூல்களை வாசித்துக் காட்டியவர், ஃபாக்ஸின் நாட்குறிப்பை 1694இல் பதிப்பித்தவரும் அவரே.)

எதிர்த்தரப்பிலும் சிந்தனை உள்ளவர்கள் இருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. திருச்சபை வரலாற்றாசிரியர் தாமஸ் ஃபுல்லர் 1655இல் இதுபற்றி எழுதினார். மேலோர் கீழோரிடம் 'தௌ' என்பது கட்டளைக்கு அடையாளம். சமமானவர் ஒருவரிடம் ஒருவர் கூறினால் அது நெருக்கத்துக்கு அடையாளம். கீழோர் மேலோரிடம் கூறினால், அறியாமையால் கூறின் பட்டிக்காட்டுத்தனம், வேண்டுமென்று கூறின் அவமதிப்பு என்பது அவர் கருத்து. ஒரே சொல், யார் யாரிடம் கூறுகிறார் என்பதற்கேற்ப மூன்று நான்கு வேலைகளைச் செய்கிறது என்பதை ஃபுல்லர் தெளிவாகக் கண்டிருக்கிறார். மொழியியலில் பயிற்சியே இல்லாத ஒரு குருவானவர், பிற்காலத்து மானிடவியலார் கூறவிருந்ததன் பாதியை அன்றே கூறிவிட்டார் எனலாம்.

தொப்பியைப் பற்றிய இரு நிகழ்ச்சிகளையும் இங்கே சேர்க்கலாம். 1656இல் லான்ஸ்டன் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி கிளின், திருமறையில் எங்கே தொப்பி வருகிறது என்று ஃபாக்ஸைக் கேட்டார். தானியேல் மூன்றாம் அதிகாரத்தில் மூன்று வாலிபர் தொப்பியோடுதான் அக்கினிச் சூளையில் போடப்பட்டனர் என்று ஃபாக்ஸ் பதிலளித்தார். நம் பழைய மொழிபெயர்ப்பில் 'பாகை' என வரும் இடம் அது. 1670இல் லண்டனில் வில்லியம் பென், வில்லியம் மீட் இருவரும் விசாரணைக்கு வந்தபோது காவலர் அவர்கள் தொப்பிகளைக் கழற்றிவிட்டனர். நகரத் தலைவரோ அவற்றை மீண்டும் அணிவிக்கச் செய்து, பின் அணிந்திருந்த குற்றத்திற்காக ஆளுக்கு 40 மார்க் அபராதம் விதித்தார். மரியாதை என்பது பெறுகிறவர் கையிலும் எவ்வளவு பொல்லாத கருவியாகிறது என்பதற்கு இது சான்று. பெரியவரைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ளும்படி நம் கிராமங்களில் எத்தனையோ தலைமுறையினர் கட்டாயப்படுத்தப்பட்டதை அறிந்தவருக்கு இத்தொப்பிக் கதை நகைப்பாகத் தோன்றாது.

இனித் துறைக்கு வருவோம். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஃபிரான்ஸ் போவாஸ் (1858-1942) அமெரிக்கப் பழங்குடி மொழிகளை ஆராய்ந்து, 1911இல் அவற்றைப் பற்றிய கையேட்டை வெளியிட்டார். ஒவ்வொரு மொழியையும் அதன் சொந்த அமைப்பினாலேயே விளக்கவேண்டும், இலத்தீன் இலக்கணச் சட்டையை எல்லா மொழிக்கும் அணிவிக்கலாகாது என்பது அவர் வலியுறுத்திய கருத்து. ஒவ்வொரு மொழியின் இலக்கணமும் சில செய்திகளைப் பேசுவோர் கூறியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது என்றும் அவர் காட்டினார். தமிழில் 'நாம்' என்றோ 'நாங்கள்' என்றோ கூறாமல் தன்மைப் பன்மையைச் சொல்ல இயலாது. கிரேக்கத்தில் அக்கட்டாயம் இல்லை. பவுல் 'நாம்' என்கிறானா 'நாங்கள்' என்கிறானா என்று ஒவ்வொரு வசனத்திலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தீர்மானிக்க வேண்டியிருப்பது இதனால்தான். போவாஸின் மாணவர் சபீர், சபீரின் மாணவர் ஹோர்ஃப் ஆகியோர், மொழி சிந்தனையை எவ்வளவு உருவாக்குகிறது என்ற கேள்வியை எழுப்பினர். எபிரெய மனம், கிரேக்க மனம் என்று நம் பிரசங்கங்களில் வரும் எளிய பிரிவினைக்கு அக்கேள்வியோடு உறவுண்டு. அதனை ஜேம்ஸ் பார் 1961இல் கடுமையாகக் கண்டித்துவிட்டபடியால் இங்கே அதில் நுழையவில்லை.

குவேக்கர் வரலாற்றுக்கு அதிகம் உதவுவது வேறொரு கருத்து. அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் பேர்ஸ் (1839-1914) குறிகளை மூவகையாகப் பிரித்தார். உருவப்படம் போல ஒப்புமையால் உணர்த்துவது ஒன்று. நெருப்புக்குப் புகை போல உடனிருப்பதால் சுட்டுவது ஒன்று. பெரும்பாலான சொற்களைப் போல மரபினால் உணர்த்துவது ஒன்று. இவற்றுள் இரண்டாவதைச் சுட்டுக்குறி என்று நாம் அழைக்கலாம். 'தௌ' என்ற சொல்லின் அகராதிப் பொருள் 'கேட்பவர் ஒருவர்' என்பது மட்டுமே. ஆனால் அச்சொல் வாயிலிருந்து வந்த கணமே பேசுபவர் யார், கேட்பவர் யார், இருவருக்கும் இடையே உயர்வு தாழ்வு என்ன என்பதையும் சுட்டிவிடுகிறது. எல்வுட்டின் தந்தையை அடிக்கத் தூண்டியது அகராதிப் பொருள் அன்று, இந்தச் சுட்டுதலே.

மைக்கேல் சில்வர்ஸ்டீன் (1945-2020) என்னும் மானிடவியலார் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்தக் குவேக்கர் வழக்கையே எடுத்து ஆராய்ந்தார். மக்கள் தாங்கள் பேசும் மொழியைப் பற்றித் தாங்களே ஒரு விளக்கம் வைத்திருக்கின்றனர். அவ்விளக்கம் மொழியியல்படி சரியாக இராமற்போகலாம். ஆயினும் அதுவே மொழியை மாற்றும் சக்தியாகிறது. இதனை மொழி பற்றிய கருத்தியல் என்பர். குவேக்கரின் கருத்தியல் இது: ஒருவரைப் பன்மையால் கூறுவது பொய், பொய் பாவம். இலக்கணமுறையில் இவ்வாதம் நில்லாது என்பதே நம் கருத்து. ஒரு சமூகம் முழுவதும் ஒருவருக்கு 'யூ' என்று வழங்கிவிட்டால், அச்சொல்லுக்கு அப்பொருளும் உண்டு என்பதுதான் உண்மை. அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் இலக்கணத்தில் தவறியவர்கள் சமூகத்தைச் சரியாகவே வாசித்தார்கள். அச்சொல் மனிதரைத் தரம் பிரிக்கிறது என்று அவர்கள் கண்டதில் பிழையில்லை.

இதே நோக்கு அவர்களுடைய வேறு வழக்கங்களுக்கும் பொருந்தும். வழியில் கண்டோரை 'நல்ல நாள்' என்று வாழ்த்துவதை அவர்கள் வெறும் சொல் என்று தவிர்த்தனர். மலினோவ்ஸ்கி 1923இல் காட்டியபடி, இத்தகைய பேச்சு செய்தி கூறுவதற்காக அன்று, உறவை நிலைநிறுத்துவதற்காகவே எழுகிறது. அதனை விட்டவர்கள் முரடர் என்று பெயர் பெற்றதில் வியப்பில்லை. அவர்கள் ஆணையிடவும் மறுத்தனர் (மத்தேயு 5:34, யாக்கோபு 5:12). ஆணை என்பது ஒன்றைப் பற்றிக் கூறும் சொல் அன்று. கூறுவதாலேயே ஒன்றைச் செய்துவிடும் சொல். இவ்வகைக் கூற்றுகளை ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஆஸ்டினின் விரிவுரைகள், 1962இல் நூலாகி, உலகுக்கு விளக்கின. 1662இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஆணையிட மறுக்கும் குவேக்கரைத் தண்டிக்கவென்றே சட்டம் இயற்றிற்று. 1696இல்தான் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூற அவர்களுக்கு அனுமதி கிடைத்தது.

வரலாற்றின் பிற்பகுதி நமக்கு அதிக எச்சரிக்கையானது. ஆங்கிலத்தில் 'தௌ' முன்னமே தேய்ந்துகொண்டிருந்தது. குவேக்கர் அதனைத் தங்கள் கொடியாக உயர்த்தியபின், மற்றவர் அதைக் கூறினால் தம்மையும் குவேக்கர் என்று எண்ணிவிடுவரோ என்று விலகுவதற்கு மேலும் ஒரு காரணம் உண்டாயிற்று. இறுதியில் ஆங்கிலேயர் அனைவரும் எல்லாரையும் 'யூ' என்றே அழைத்தனர். குவேக்கர் வேண்டிய சமத்துவம் சொல்லளவில் வந்தேவிட்டது. ஆனால் அவர்கள் கேட்டதற்கு எதிர்த்திசையில் வந்தது. எல்லாரையும் ஒருமைக்கு இறக்காமல் எல்லாரையும் பன்மைக்கு உயர்த்திற்று. அதன்பின் குவேக்கர் வீடுகளில் எஞ்சிய 'தீ' பிரபுக்களைத் தாக்கும் சொல்லாக இல்லை. நம்மவர் இவர், அந்நியர் அவர் என்று பிரிக்கும் அடையாளமாயிற்று. எழுவாய் இடத்திலும் 'தீ' என்றே கூறும் அளவுக்கு அவர்களுடைய இலக்கணமே மாறிவிட்டது. ஒருமை பன்மை பிழைபடலாகாது என்று 'பேட்டில்-டோர்' எழுதியவர்களின் சந்ததியார் இவர்கள்! உடை விஷயத்திலும் இப்படியே ஆனது. ஃபாக்ஸின் மனைவியாகிய மார்கரெட் ஃபெல், 1700இல், தம் முதுமையில், எல்லாரும் ஒரே நிற எளிய உடை உடுத்தவேண்டும் என்று வற்புறுத்துவது மதிகெட்ட சுவிசேஷம் என்று கண்டித்து எழுதினார். அவருக்கு யாரும் பெரிதாகச் செவிகொடுத்ததாகத் தெரியவில்லை.

தமிழுக்கு இதில் மெய்யான தொடர்பு உண்டு. பழந்தமிழில் 'நீர்' என்பதும் 'அவர்' என்பதும் பன்மைச் சொற்களே. அவை ஒருவருக்கு மரியாதையாக வழங்கத் தொடங்கியபின், பன்மைக்கென 'நீங்கள்', 'அவர்கள்' என்பன வேண்டியிருந்தன. பின்பு அவையும் மரியாதைச் சொற்களாயின. ஒருவரைப் பன்மையால் கூறுவது உலகவழக்கில் வந்த உயர்சொல்லேயன்றி இலக்கண நெறி அன்று எனத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் கூறுகிறது. ஃபாக்ஸ் இதனை அறிந்திருந்தால் தம் நூலில் ஒரு பக்கம் சேர்த்திருப்பார். ஆனால் தொல்காப்பியர் அவ்வழக்கைப் பாவம் என்று தள்ளவில்லை. வழக்கென்று கண்டு அதற்கு இடம் தந்தார்.

நம் திருமறை மொழிபெயர்ப்பாளர்களுக்கோ யாருக்கு 'அவர்', யாருக்கு 'அவன்' என்று தீர்மானிக்காமல் ஒரு வசனமும் எழுத இயலவில்லை. 1871இல் முழுமை பெற்ற, பவர் ஐயர் குழுவினரின் ஐக்கிய மொழிபெயர்ப்பில் ஆண்டவருக்கு 'அவர்', ஆபிரகாமுக்கும் பேதுருவுக்கும் பவுலுக்கும் 'அவன்', மரியாளுக்கு 'அவள்'. கடவுள் ஒருவருக்கே உயர்சொல், மனிதர் அனைவரும் ஒரே தரம் என்ற வகையில் இதில் ஒருவிதக் குவேக்கர் நேர்மை உண்டு. இக்கட்டுரையிலும் பவுலை அவ்வாறே எழுதிவிட்டோம், பழகிய நாவு. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பில் ஆபிரகாமும் மரியாவும் 'அவர்' ஆயினர். இது இலக்கிய நாகரிகத்தின் மாற்றம் மட்டும் என்று நாம் எண்ணவில்லை. பிறவியிலிருந்து 'அவன்' என்றே அழைக்கப்பட்டு வந்த ஒருவர் வாசிக்கும்போது, மீனவனாகிய பேதுருவுக்கு எந்தச் சொல் தரப்படுகிறது என்பது அவருக்குத் தெரியாமற்போகாது.

இங்கே நம் அனுபவம் ஒன்றைக் கூறவேண்டியிருக்கிறது. ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு கிராமச் சபையில் இருந்தோம். சபையார் பெரும்பாலும் நிலமற்ற கூலி வேலை செய்வோர். எழுபது வயதைக் கடந்த மூப்பர் ஒருவரை, ஊரில் மற்றவர் அழைத்ததைக் கேட்டுப் பழகி, நாமும் 'நீ' என்றே அழைத்துவந்தோம். அவரோ இருபத்தாறு வயதான நம்மை 'நீங்க, ஐயா' என்பார். எல்லாரும் ஆண்டவருக்குள் ஒன்று என்று ஞாயிறுதோறும் பிரசங்கித்தோம். அன்பினாலேயே 'நீ' என்கிறோம் என்றும் மனத்துக்குள் விளக்கம் வைத்திருந்தோம். அதுவும் ஒரு கருத்தியல்தான். குவேக்கரைப் பற்றிப் படித்த பிறகே ஒரு வேறுபாடு விளங்கிற்று. பண்ணையாள் நீதிபதியை 'தௌ' என்றால் அவனுக்கு முதுகில் அடி. நீதிபதி பண்ணையாளை 'தௌ' என்றால் நீதிபதிக்கு ஒரு செலவும் இல்லை. நாம் கூறிய 'நீ' இரண்டாவது வகையைச் சேர்ந்தது. மூப்பரிடம் முதன்முறையாக 'நீங்கள் எப்போது வந்தீர்கள்' என்று கேட்டபோது அவர் பதில் கூறாமல், வேறு யாரையோ கேட்கிறோம் என்று எண்ணி, திண்ணையில் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

டெல் ஹைம்ஸ் என்னும் மானிடவியலார் 1960களில் வற்புறுத்தியது இதுவே: ஒரு மொழியை அறிவது என்பது அதன் வாக்கியங்களை அமைக்க அறிவது மட்டுமன்று, எவரிடம், எவ்விடத்தில், எதனைக் கூறுவது என்று அறிவதுமாகும். நம் இறையியல் கல்லூரிகளில் கிரேக்க வினைத்திரிபுகளை மனப்பாடம் செய்விக்கிறோம். சபையாரை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதைக் கற்பிப்பதில்லை.

ஜெபத்தில் கடவுளை 'நீர்' என்று அழைக்கும் நம் வழக்கத்தைப் பற்றி மாணவர் சிலர் வினவுகின்றனர். திருநெல்வேலிப் பக்கத்தில் அச்சொல் இன்னும் பேச்சில் உண்டு. பல மாவட்டங்களில் ஆலயத்துக்கு வெளியே அதனைக் கேட்பது அரிது. 'ஸ்தோத்திரம்' என்னும் வாழ்த்தைப் போல அதுவும் நம்மைக் கிறிஸ்தவர் என்று சுட்டும் சொல்லாகிவருகிறது. அதனை விட்டுவிட வேண்டும் என்று நாம் கூறமாட்டோம். நம் தாய்மாரின் ஜெபங்கள் அதில் இருக்கின்றன. ஆனால் ஆலயத்துக்குப் புதிதாக வரும் ஒருவர், தம் பேச்சில் இல்லாத அச்சொல்லைக் கற்றுக்கொண்ட பின்னரே ஜெபிக்கலாம் என்று எண்ணி வாய்மூடி இருப்பாரானால், 'நீங்கள்' என்றே அவர் ஜெபிக்கட்டும்.